நெற்றிக்கு ஏற்றிய கண்ணாடி

"மூடிட்டே இருங்கய்யா, நான் வந்து சொல்ற வரைக்கும் தொறக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு நர்ஸ் பெண் சொட்டு மருந்துப் புட்டியோடு அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டாள். சொல்லுவாள், அவளுக்கென்ன. மூடினால் மட்டும் அது போய்விடுமா? இமைக்கு உள்ளேயும் வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறது சனியன், வலது கண்ணின் நட்ட நடுவில், மிளகு அளவுக்கு, சாம்பல் நிறத்தில். சென்னியப்பன் பார்வையை மெல்ல இடப்பக்கம் தள்ளினார், அதுவும் கூடவே வந்தது. வலப்பக்கம் தள்ளினார், வந்தது. எதைப் பார்க்க வேண்டுமோ அதற்கு முன்னால் போய் நின்றுகொள்கிறது, தாலி கட்டுகிற நேரத்தில் போட்டோக்காரன் நிற்கிற மாதிரி. ஒண்டிப்புதூர்க் கல்யாணத்தில்தான் முதலில் தெரிந்தது. தூசி விழுந்ததென்று இடது கண்ணைக் கசக்கிக்கொண்டே மேடையைப் பார்க்கிறார், மாப்பிள்ளைக்கு மூக்கைக் காணோம். காது இருக்கிறது, கழுத்தில் மாலை இருக்கிறது, மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. அதற்கப்புறம் ஜன்னல் கம்பி, குளியலறைச் சுவர்க் கோடு, காலண்டர் தேதி என்று எல்லாவற்றையும் ஒற்றைக் கண்ணால் பார்த்துப் பார்த்து அலுத்தாயிற்று. நேராக நிற்கிற கம்பி நடுவில் வந்ததும் வளைகிறது, மூச்சுப் பிடித்துக்கொண்டு பார்த்தாலும் வளைகிறது. "இது சக்கரைதானுங்க, வேறென்ன" என்று வசந்தாமணி முடிவே கட்டிவிட்டாள். இந்தக் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்து வந்ததும் அவள்தான். சர்க்கரை என்றே இருக்கட்டும் என்று அவரும் வாயை மூடிக்கொண்டார். லேசர் என்கிற சொல்லை டாக்டர் முன்னால் எடுத்தால் தீர்ந்தது கதை, பின்னறை காலி, வருஷக்கணக்காகத் தேடித் தேடிச் சேர்த்த லேசரெல்லாம் பழைய இரும்புக்காரன் தராசுக்குப் போகும். எடுக்காவிட்டாலோ, சர்க்கரைக்கென்று கண்ணுக்குள்ளேயே ஊசி போடுவார்களாம், பக்கத்து நாற்காலிக்காரர் தன் கண்ணைக் காட்டிச் சொன்னார். கண்ணுக்குள் ஊசி! நினைத்ததும் செருப்புக்குள் கால் விரல் மடங்கிக்கொண்டது. சொன்னால் அறை போகும், சொல்லாவிட்டால் கண் போகும், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கலாம். கேட்கிறவர்களுக்குச் சுலபம்.

பகல் முழுக்க பம்ப்செட் கம்பெனிக்காக நட்டும் போல்ட்டும் தாமிரக் கம்பியும் வாங்கிப்போடுகிற மனுஷன், சாயங்காலமானால் தனக்கென்று ஒன்றை வாங்கிக்கொண்டார், அவ்வளவுதானே. குடியா, சீட்டா? உக்கடத்துப் பழைய சாமான் கடையில், மூடிப்போன ஏதோ அச்சகத்துச் சாமான்களோடு கிடந்தது அந்த முதல் லேசர்க் குழல், முழ நீளத்துக்கு, ஒல்லி டியூப்லைட் மாதிரி. கடைக்காரனுக்கு அது என்னவென்றே தெரியாது, "எடுத்துட்டுப் போங்க, கண்ணாடி ஒடைஞ்சா கால்ல குத்தும்" என்றான். வீட்டுக்கு வந்து, அதற்கு வேண்டிய உயரழுத்தக் கரண்டுப் பெட்டியைச் செய்து, பயந்து பயந்து சுவிட்சைப் போட்டபோது எதிர்ச் சுவரில் விழுந்ததே ஒரு சிவப்புப் புள்ளி! வசந்தாமணி ஓடிவந்து "தொட்டா சுடுங்களா?" என்று விரலை நீட்டினாள். சுடவில்லை. மருதாணி வைத்த மாதிரி விரல் நுனி மட்டும் சிவந்தது. ரெண்டு பேரும் சிரித்தார்கள். மகளைக் கட்டிக்கொடுத்து புனேவுக்கு அனுப்பிய பிறகு அந்த வீட்டில் ரெண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான். அதற்கப்புறம் ஒன்று, இன்னொன்று, ஆஸ்பத்திரிக்காரன் கழித்துக்கட்டியது, நிலம் அளக்கிறவன் கீழே போட்டு உடைத்தது, அழகு நிலையத்தில் பச்சை குத்தியதை அழிக்க வைத்திருந்தது. செத்துக்கிடப்பதை வாங்கி உயிர் கொடுத்து விற்பது, விற்ற கையோடு இன்னொரு பிணத்தை வாங்குவது. ஓடுகிறதை யார் வேண்டுமானாலும் வாங்கலாம், அதிலென்ன ருசி? வாட்ஸப் குழுவில் எவனாவது புதுசாக வந்து "எரியலைண்ணா, என்னென்னமோ போயிருக்கு" என்று புலம்பினால் சென்னியப்பன் ஒரே பதில்தான் போடுவார்: பழுது ஒன்றுதான் இருக்கும், தம்பி, அகப்படுகிற வரைக்கும்தான் நூறு மாதிரித் தெரியும். எத்தனை லேசருக்கு அப்படிப் பழுது பிடித்திருக்கிறார்! அப்படியானால் இந்தக் கண்ணுக்கும் பழுது ஒன்றுதான். ஒரு நாள்தான். அது எந்த நாள்? யாரால் வந்தது? அது மட்டும் தெரிந்துவிட்டால் மனசு கொஞ்சம் ஆறும்.

குழுவில் இருக்கிற ஓசூர் இம்மானுவேல்தான். வேறு யார். தொடக்கத்திலிருந்து அவன் மேல்தான் சந்தேகம். ஐப்பசி மழையோடு கூரியரில் வந்ததே அந்தப் பச்சை லேசர், அவன் அனுப்பியதுதான். பச்சை லேசரில் ஒரு சங்கதி உண்டு. உள்ளே பிறப்பது பச்சையே அல்ல, கண்ணுக்குத் தெரியாத ஒரு கதிர், அதிலிருந்துதான் பச்சையைக் கறக்கிறார்கள். மிச்சமிருக்கிற அந்தத் தெரியாத கதிர் வெளியே வந்துவிடாமல் வாசலில் ஒரு சின்னக் கண்ணாடித் துண்டைத் தடுப்பாக வைத்திருப்பார்கள், அரிசி அகலம்தான் இருக்கும். அவன் அனுப்பியதில் அது இல்லை. இல்லாமலே அனுப்பியிருக்கிறான் பாவி. தெரிகிற வெளிச்சமென்றால் இமை தானாக மூடும், தெரியாத வெளிச்சத்துக்கு எந்த இமை மூடும்? சுட்டுக்கொண்டே இருக்கும், நாம் பார்த்துக்கொண்டே இருப்போம். ஆனால் பாதுகாப்புக் கண்ணாடி? இருக்கிறது, ஆரஞ்சு நிறத்தில், நல்ல கண்ணாடி, வெளிநாட்டுச் சரக்கு. போட்டுக்கொண்டால் பச்சை தெரியாது. அதற்குத்தானே அந்தக் கண்ணாடி, பச்சையை மறைப்பதற்கு. ஆனால் பச்சை தெரியாமல் லேசருக்குள் இருக்கிற சின்னக் கண்ணாடிகளை எப்படி நேராக்குவது? அதனால் திருகாணி முடுக்குகிற அந்த நிமிஷத்துக்கு மட்டும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொள்வது. எல்லாரும் அப்படித்தான். குழுவில் எவன் போட்டோ போட்டாலும் பாருங்கள், கண்ணாடி நெற்றியில்தான் இருக்கும், கோயில் பூசாரிக்குப் பட்டை மாதிரி. கண்ணுக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் "என்ன மாம்ஸ், வெல்டிங்கா?" என்று கேலி பண்ணுவார்கள். ஒரு நிமிஷம்தான். ஒரு நிமிஷத்தில் என்ன ஆகிவிடப் போகிறது என்று அவரும்தான் பலபேருக்குச் சொல்லியிருக்கிறார்.

"கண்ணு எரியுதுங்களா?" வசந்தாமணியின் குரல் இடப்பக்கமிருந்து வந்தது. "இல்ல மணி." "எரிஞ்சா சொல்லுங்க, அந்தப் புள்ளையக் கூப்புடறேன்." "எரியலைன்னு சொன்னேன்ல." "செரி, செரி, அதுக்கேன் கோவம்." அவள் அந்தப் பக்கம் திரும்பிப் பக்கத்து அம்மாவிடம் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டாள், "இவருக்குச் சோத்தைக் கொறைன்னா கேக்க மாட்டாருங்க, மத்தியானம் ரெண்டு வட்டல் வேணும்." கொஞ்ச நேரம் போனதும் ஒரு தாளைச் சடசடவென்று புரட்டினாள், அப்புறம் "இதென்ன எழுத்து இப்புடிப் பொடிப்பொடியா அடிச்சிருக்கறான்" என்று மடித்து வைத்துவிட்டாள். எப்படிப் பேசுகிறாள், ஊர் உலகத்தில் கவலையே இல்லாதவள் மாதிரி. அவர் மேல் அவளுக்கு ஒரு சந்தேகமும் இல்லை, அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

இல்லை, ஒருவேளை அவளாகவே இருக்கலாம். நினைக்கவே கஷ்டமாக இருக்கிறது, ஆனால் பழுது பிடிக்கிறவன் வேண்டியவர் வேண்டாதவர் பார்க்கலாமா? தை மாசம், வெள்ளிக்கிழமை, காப்பி கொண்டுவந்தாள். லேசர் ஓடுகிறபோது மேஜைப் பக்கம் எதையும் கொண்டுவராதே என்று எத்தனை தடவை சொல்வது? எவர்சில்வர் டம்ளர், பளபளவென்று தேய்த்து வைத்திருப்பாள், முகம் பார்க்கலாம். மேஜை ஓரத்தில் வைக்கப் போனாள், ஓடிக்கொண்டிருந்த கதிரில் டம்ளர் குறுக்கே போனது. அறை முழுக்க ஒரு நொடி பச்சை. கூரையில், பீரோவில், அவள் சேலையில், எல்லா இடத்திலும். "அய்யோ, தீவாளி!" என்று சிரித்தாள் அவள். அவர் கண்ணாடி நெற்றியில். கத்தினார், "அறிவிருக்கா உனக்கு?" என்றுகூடக் கேட்டுவிட்டார். டம்ளரை வைத்துவிட்டுப் போனவள், மறுநாள் முழுக்கக் காப்பி கொடுக்கவில்லை. அதற்கடுத்த நாள் பித்தளை டம்ளரில் கொண்டுவந்தாள். பித்தளை மட்டும் என்னவாம். ஆனால் பாருங்கள், அந்த வெள்ளிக்கிழமைக்கு அப்புறம்தானே புள்ளி? அதற்கு முன்பே இருந்ததா? ரெண்டு கண்ணும் திறந்திருந்தால் எதுவும் தெரிவதில்லையே, ஒன்றின் குறையை இன்னொன்று ஒப்பேற்றிவிடுகிறதே. கல்யாணத்தில் தூசி விழாமல் இருந்தால் இன்னும்கூடத் தெரிந்திருக்காது. தூசியைத் திட்டுவதா, கும்பிடுவதா? சே, அலுப்பாக இருக்கிறது. யோசனை சுற்றிச் சுற்றி அதே இடத்துக்குத்தான் வருகிறது. எல்லாவற்றையும் விற்றுத் தொலைத்துவிட்டால் என்ன என்று இந்த வருஷம் எத்தனையோ தடவை நினைத்தாயிற்று. அதுவும் லேசில் முடியாது. பின்னறையில் இருக்கிற பெரிய நீல லேசர்க் குழலை மாசம் ஒரு தடவையாவது எரித்தாக வேண்டும், சும்மா கிடந்தால் உள்ளே காற்றுக் கெட்டுப்போகும். வாங்குகிறவன் அலமாரியில் வைத்து அழகு பார்த்தால் ஒரு வருஷத்தில் செத்துவிடும். மாடு வைத்திருக்கிறவன் வெளியூர் போக முடியாத கதைதான். அதை எரிக்கிற ராத்திரி, சூடு தணிக்கிற மின்விசிறி இரைச்சலில் பேச்சுக்கூடக் கேட்காது. முன்பெல்லாம் அந்த நீலத்தைப் பார்க்கையில் நெஞ்சுக்குள் என்னவோ செய்யும். இப்போது கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், எப்போது அணைக்கலாம் என்று.

"ஏனுங்க, ஓசூர்க்காரரு கூப்புடறாருங்க" என்று வசந்தாமணி போனை அவர் காதில் வைத்தாள். கும்பிடப் போன சாமி குறுக்கே வந்த மாதிரி. "அண்ணா, பிஸியா? ஒண்ணுமில்ல, அந்தச் சிவப்புக் குழல் ஒண்ணு வாங்குனேன்ல, குழல் எரியுது, கதிர் வர மாட்டேங்குது" என்றான் இம்மானுவேல். சென்னியப்பன் மூடின கண்ணுக்குள்ளேயே அந்தக் குழலைப் பார்த்தார். "ரெண்டு முனைக் கண்ணாடியையும் துடைச்சியா?" "துடைச்சேண்ணா." "எதுல?" "கர்சீப்ல." "கெட்டுது போ. கர்சீப்ல துடைச்சா வருமா? ஸ்பிரிட்டும் லென்ஸ் பேப்பரும் வாங்கு. அப்பறம் பின்பக்கத் திருகாணிய இம்மியளவுக்குத் திருப்பு. குழலைத் தட்டாத." "சரிண்ணா. நீங்க சொன்னா செத்ததும் எந்திரிக்கும்." சொல்லிவிட்டு வைக்கப் போனான். கேட்டுவிட வேண்டியதுதான். "இம்மானுவேலு, அந்தப் பச்சை அனுப்புனியே, அதுல தடுப்புக் கண்ணாடி ஏன் இல்ல?" "என்னண்ணா சொல்றீங்க? நான் அனுப்பறப்ப இருந்துச்சே. நீங்கதான கழட்டிட்டு மீட்டர்ல அளவு எவ்வளவு ஏறுது பாருன்னு குரூப்ல போட்டோ போட்டீங்க? நாங்கெல்லாம் கை தட்டினோமே! அப்பறம் நாங்களும் கழட்டிட்டோம்." பின்னாலே எதுவோ விழுந்து உருண்டது, "வெக்கறேண்ணா" என்று வைத்துவிட்டான். போட்டோ. ஆமாம். கழற்றினால் கதிரின் பலம் அளக்கிற மீட்டரில் எண் கூடும், கூடுவது பச்சை அல்ல, அந்தத் தெரியாத கதிர். தெரிந்தேதான் கழற்றினார். விற்கிறபோது திரும்ப மாட்டிவிடலாம் என்று மேஜை இழுப்பறையில் ஒரு தீப்பெட்டிக்குள் போட்டு வைத்தார். எப்படி மறந்தது? மறந்ததா, மறக்கடித்துக்கொண்டதா? தன் கையால் கழற்றியதை ஓசூர்க்காரன் தலையில் கட்டிவிட்டு மாசக்கணக்காக அவனைச் சபித்துக்கொண்டிருந்திருக்கிறாரே, என்ன மனசு இது, சீ. "என்னங்க சொன்னாரு? மூஞ்சி ஏன் இப்புடிப் போச்சு?" என்றாள் வசந்தாமணி. "ஒண்ணுமில்ல. அவன் லேசரு எரியலையாம்."

நர்ஸ் பெண் வந்து டார்ச் அடித்துப் பார்த்து "நல்லா விரிஞ்சிருச்சு, வாங்கய்யா" என்று கையைப் பிடித்து எழுப்பினாள். கண்ணைத் திறந்ததும் உலகமே சுண்ணாம்படித்துக் கிடந்தது. வசந்தாமணியின் முகம் ஒரு வெள்ளைத் திட்டு, அதில் பொட்டு மட்டும் தெரிந்தது, வலது கண்ணுக்கு அதுவும் இல்லை. டாக்டரம்மா அறை இருட்டாக இருந்தது, அந்த மட்டும் நிம்மதி. தாடையை வைத்து, நெற்றியை முட்டி, "உள்ளார ஒரு பச்சைக் குறி தெரியும் பாருங்க, அதையே பாருங்க" என்றாள் டாக்டரம்மா. வலது கண்ணில் குறியே இல்லை. ஓரக்கண்ணால் பிடித்துப் பார்த்துவிட்டு "தெரியுதுங்க" என்றார் சென்னியப்பன். இந்த வயசில் பரீட்சையில் காப்பியடிக்கிற பிழைப்பு. இடது கண். அதில் தெரிந்தது, தெரிந்ததே, அப்பாடா என்றிருந்தது. டாக்டரம்மா திரையைப் பார்த்தாள், பெரிதாக்கினாள், திரும்பவும் பார்த்தாள். "என்ன வேலைங்கய்யா பாக்கறீங்க? வெல்டிங்கா?" வசந்தாமணி முந்திக்கொண்டாள், "கம்பெனில பர்ச்சேஸ்ல இருக்காருங்க. ஏனுங்க, சக்கரைதானுங்களே?" "சக்கரை இல்லம்மா. இது சுட்ட தழும்பு." சென்னியப்பனுக்கு எந்த நாள் என்று கேட்டுவிட வேண்டும் போலிருந்தது, அந்தத் திரையில் தேதி போட்டிருக்கும் என்பதுபோல. கேட்டேவிட்டார், "எப்ப ஆனதுன்னு சொல்ல முடியுங்களா டாக்டர்? எந்த ஒரு தடவைன்னு..." டாக்டரம்மா நாற்காலியைத் திருப்பினாள். "ஒரு தடவையா? வலது கண்ணுல நடுவுல ஒண்ணு பெருசு. சுத்தி சின்னச் சின்னதா நெறைய. சிலது புதுசு, சிலது வருஷக்கணக்காச்சு. இடது கண்ணுலயும் இருக்கு, நடுவுல விழாததால உங்களுக்குத் தெரியல. எதைய்யா இப்படிப் பாத்துட்டே இருந்தீங்க?"

அவர் சொன்னார். லேசர் என்று ஆரம்பித்து, அறை, குழல், பச்சை, கழற்றிய தடுப்பு, நெற்றிக் கண்ணாடி என்று எல்லாவற்றையும் சொன்னார். சொல்லச் சொல்ல ஒரு விசித்திரமான களைப்பு வந்தது, நடந்தே பழனிக்குப் போய்ச் சேர்ந்தவன் கடைசிப் படியில் உட்காருகிற களைப்பு. போகட்டும், அறை போகட்டும், நீலக் குழல் சாகட்டும், யாரையும் குற்றம் சொல்ல வேண்டாம், தேட வேண்டாம், இனி வீட்டுக்குப் போய்த் தூங்கலாம். வசந்தாமணி திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் திட்டவில்லை. "அந்த வெளக்கா இப்புடிப் பண்ணிப்போட்டுது?" என்றாள், நம்ப முடியாமல். டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். "அந்த ரூம்ல உங்களோட வேற யாராவது இருப்பாங்களா?"

"நாந்தானுங்க" என்றாள் வசந்தாமணி, அதில் அவளுக்கு ஒரு பெருமையே இருந்தது. "பொழுதோட இவரு அங்க உக்காந்தா நானும் மொறத்தை எடுத்துட்டுப் போயி உக்காந்துக்குவேன். அவரைக்கா நறுக்கறது, கீரை ஆயறது எல்லாம் அங்கதான். அந்தப் பச்சை வெளிச்சத்தப் பாத்துட்டே இருந்தா பொழுது போறதே தெரியாதுங்க."

"நீங்க கண்ணாடி போடுவீங்களா?"

"எனக்கெதுக்குங்க? நான் என்ன வேலையா செய்யறேன், சும்மா பாத்துட்டிருக்கறவ."

கண்ணாடி அந்த வீட்டில் ஒன்றுதான். இன்னொன்று வாங்க வேண்டும் என்று இத்தனை வருஷத்தில் ஒரு நாளாவது தோன்றியதா? மீட்டர் ரெண்டு வாங்கினார், திருகாணிச் சாவி மூணு செட் இருக்கிறது, மாற்றுக் குழல்கள் பரண் நிறைய இருக்கின்றன. டம்ளரில் பட்டுத் தெறித்த பச்சை தன் கண்ணில் விழுந்ததா இல்லையா என்றுதான் தை மாசத்திலிருந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். டம்ளரைக் கையில் பிடித்திருந்தவளுக்குக் கண் இல்லையா? சென்னியப்பன் எதையோ சொல்ல வாயெடுத்தார், டாக்டரம்மா அதற்குள் அவரைக் கையமர்த்தி, நாற்காலியிலிருந்து எழுந்துகொள்ளச் சொன்னாள்.

"அம்மா, நீங்க வந்து உக்காருங்க. தாடைய இங்க வைங்க."

"எனக்கென்னங்க, எனக்கெல்லாம் நல்லாத்தான் தெரியுது" என்று சொல்லிக்கொண்டே வசந்தாமணி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். தாடையை வைத்தாள். மூக்குத்தி இடிக்கிறது என்று ஒரு தடவை தலையை எடுத்து, மறுபடி வைத்தாள். சென்னியப்பன் சுவரோரம் நின்றார். விரிந்த கண்ணுக்கு அவள் முதுகு மட்டும் ஒரு நிழலாகத் தெரிந்தது. முருகா, முருகா என்று வாய் தானாக முனகியது.

"உள்ளார பச்சைக் குறி தெரியுது பாருங்க, அதையே பாருங்க. அசையக் கூடாது."

வசந்தாமணி பார்த்தாள். தலையைக் கொஞ்சம் அப்படித் திருப்பினாள், கொஞ்சம் இப்படித் திருப்பினாள்.

"எங்கீங்க டாக்டரம்மா?"

"நேரா, நட்ட நடுவுலம்மா."

"நடுவுல ஒண்ணுமே இல்லீங்களே" என்றாள் வசந்தாமணி, தனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லை என்பதுபோல வெட்கப்பட்டுச் சிரித்து. அப்புறம் தாடையை எடுக்காமலே அவரைக் கேட்டாள், "ஏனுங்க, உங்களுக்குத் தெரிஞ்சுதுங்களா அது?"